"நன்றி: இணையம்" – கூகுள் தேடலில் எமது செய்தித் தளங்கள் ஏன் பின்தள்ளப்படுகின்றன?

மடுல்சீமை என்ற பெயரை ஆங்கிலத்தில் கூகுளில் தேடுகின்ற ஒருவருக்கு முதலில் கிடைப்பவை பெரும்பாலும் 'சிறிய உலக முடிவு' பற்றிய சுற்றுலாப் பக்கங்களே. எந்த மாதத்தில் பனிமூட்டம் குறைவு, கூடாரம் அடிக்க எங்கே இடம் இருக்கிறது, பசறையிலிருந்து எப்படிப் போவது என்றெல்லாம் அவற்றில் இருக்கும். வார இறுதியில் கொழும்பிலிருந்து வருகின்றவருக்கு அது போதும். மடுல்சீமையிலேயே வாழ்கின்றவருக்கு வேண்டிய விடயங்கள் வேறு. தோட்டச் சம்பளம் இப்போது எவ்வளவு, மழை நாட்களில் எந்தப் பிரிவுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருக்கிறது, பாதை திறந்திருக்கிறதா என்பவைதான் அவருடைய கேள்விகள். இவற்றைத் தமிழில் தேடினால் ஒரே செய்தி ஐந்தாறு தளங்களில், அதே எழுத்துப் பிழைகளோடு, வரிசையாக வந்து நிற்கும். முதலில் விசாரித்து எழுதியவரின் பக்கம் அந்த வரிசைக்குள் இருக்குமா என்பது சந்தேகமே.

எமது சமூகத்தின் செய்தித் தளங்களை நடத்துகின்ற சகோதரர்கள் பலர், கூகுள் வழியாக வந்த வாசகர்கள் திடீரென்று குறைந்துவிட்டதாகக் கவலைப்படுகிறார்கள். காரணம் கேட்டால் "கூகுள்காரன் என்னமோ மாத்திட்டான்" என்பதுதான் பதில். அடுத்த வாரமே "பேக்லிங்க்" விற்கின்ற ஒருவர் மின்னஞ்சலில் வருவார். இத்தனை டொலர் கொடுத்தால் இத்தனை தளங்களில் உங்கள் தளத்துக்கு இணைப்புப் போட்டுத் தருகிறோம், தரவரிசை தானாக ஏறும் என்பார். நோய் என்னவென்று தெரியாமலேயே மருந்து வாங்குகின்ற கதை இது. எனவே இந்த இணைப்பு என்பது என்ன, அதற்கு ஏன் இவ்வளவு பெறுமதி வந்தது, அந்தப் பெறுமதி எப்படிக் குறைந்தது என்பதை விளங்கிக்கொள்வது நல்லது.

1990களில் அல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் உள்ள சொற்களைப் பார்த்தே அதை வரிசைப்படுத்தின. ஒரு சொல்லை நூறு தடவை எழுதி வைத்தவருக்கு அங்கே இலாபம். 1998இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லரி பேஜும் சேர்ஜி பிரினும் வேறொரு வழியை முன்வைத்தார்கள். ஒரு ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்து அதன் முக்கியத்துவத்தை மதிப்பிடுவது கல்வி உலகில் இருந்த வழக்கம். அதை அவர்கள் இணையத்துக்குப் பொருத்தினார்கள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பது ஒரு சாட்சியம். 'பேஜ்ரேங்க்' என்று பெயரிடப்பட்ட அந்தக் கணக்கில் எல்லாச் சாட்சியங்களும் சமமல்ல. செல்வாக்குள்ள பக்கம் கொடுக்கும் இணைப்புக்கு எடை அதிகம். அதேவேளை பத்துப் பேருக்கு இணைப்புக் கொடுக்கும் பக்கம் தன் எடையைப் பத்தாகப் பங்கிடுகிறது. ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒவ்வொருவருக்கும் போய்ச் சேரும்.

உதாரணமாக மடுல்சீமைப் பாடசாலை ஒன்றின் பக்கத்துக்கு ஊவா மாகாணக் கல்வித் திணைக்களத்தின் தளத்திலிருந்து ஒரு இணைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரும் வாசிக்காத, பெயருக்கு உருவாக்கப்பட்ட ஐந்நூறு பக்கங்களிலிருந்து வரும் இணைப்புகளை விட அந்த ஒன்று பெரிது.

மத்ரஸாவில் ஓதிய எவருக்கும் இது புதிய விடயமல்ல. ஹதீஸ் கலையில் செய்தியை மட்டும் பார்ப்பதில்லை. அது யார் வழியாக வந்தது, அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, அவருடைய ஞாபகசக்தி எப்படி, நேர்மை எப்படி என்று அறிவிப்பாளர் வரிசை முழுவதையும் ஆராய்கிறார்கள். இலேசான பலவீனமுள்ள அறிவிப்புகள் பல வழிகளில் வரும்போது ஒன்றுக்கொன்று வலுச் சேர்க்கலாம் என்பார்கள் அறிஞர்கள். ஆனால் பொய்யர் என்று அறியப்பட்டவர்கள் வழியாக எத்தனை வரிசை வந்தாலும் அது வலுவாகாது. கூகுள் கடந்த பதினைந்து வருடங்களாகத் தன் தரவரிசையில் செய்து வருகின்ற மாற்றங்களில் பெரும்பகுதி இந்த ஒரு விதியை நோக்கிய தட்டுத் தடுமாறிய நடை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒப்பீட்டை இதற்கு மேல் நீட்ட வேண்டாம். அங்கே இருந்தது இறையச்சம். இங்கே இருப்பது விளம்பர வருமானத்தில் நடக்கும் ஒரு நிறுவனம்.

சாட்சியத்துக்குப் பெறுமதி வந்தவுடன் பொய்ச்சாட்சிக்குச் சந்தை உருவானது. இணைப்பு மட்டும் கொடுப்பதற்கென்றே ஆயிரக்கணக்கான போலித் தளங்கள் முளைத்தன. சிறியவர்கள் மட்டும் இதில் ஈடுபடவில்லை. தேடுபொறிக்கு ஒன்றையும் மனிதருக்கு வேறொன்றையும் காட்டும் பக்கங்களை வைத்திருந்ததற்காக 2006இல் பீஎம்டபிள்யூ நிறுவனத்தின் ஜேர்மன் தளத்தையே கூகுள் தன் பட்டியலிலிருந்து தூக்கியது. 2011 பெப்ரவரியில் நியூயோர்க் டைம்ஸ் வெளியிட்ட கட்டுரையொன்று இன்னும் பிரபலமானது. ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கக் கடைத்தொடர், ஆடை முதல் கட்டில் விரிப்பு வரை எதைத் தேடினாலும் முதலாவதாக வந்துகொண்டிருந்தது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான தளங்களில் அதற்கு இணைப்புகள் போடப்பட்டிருந்தது தெரியவந்தது. கூகுள் கைவைத்ததும், பயணப் பெட்டி பற்றிய ஒரு தேடலில் முதலிடத்தில் இருந்த அந்தத் தளம் இரண்டு மணித்தியாலங்களில் 71ஆம் இடத்துக்குப் போனது.

அதே மாதத்தில்தான் 'பாண்டா' என்ற மாற்றம் வந்தது. பிறரிடமிருந்து எடுத்த, சாரமில்லாத உள்ளடக்கங்களைக் கொண்ட தளங்களைப் பின்தள்ளுவது அதன் நோக்கம். முதலில் அமெரிக்காவில் தொடங்கி, 2011 ஓகஸ்டில் சீனம், ஜப்பானியம், கொரியம் தவிர்ந்த ஏனைய மொழிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதாவது தமிழுக்கும். 2012 ஏப்ரலில் வந்த 'பெங்குயின்' போலி இணைப்புகளைக் குறிவைத்தது. அதில் அகப்பட்ட தளங்கள் மீண்டு வர மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 2016 செப்டெம்பரில் பெங்குயின் நிரந்தர அமைப்பின் ஒரு பகுதியாகி, போலி இணைப்புள்ள தளத்தை முழுமையாகத் தண்டிப்பதை விட அந்த இணைப்பை மட்டும் கணக்கில் எடுக்காமல் விடும் முறைக்கு மாறியது. 2022 டிசம்பரில் 'ஸ்பேம்பிரெய்ன்' என்ற செயற்கை நுண்ணறிவு முறையையும் இதற்குப் பயன்படுத்தத் தொடங்கியதாகக் கூகுள் அறிவித்தது. 2024 மார்ச்சில் தனது வழிகாட்டிப் பக்கத்தில் ஒரு சிறிய திருத்தம் செய்தது. இணைப்புகள் "முக்கியமான" காரணி என்று இருந்த வாசகத்தில் "முக்கியமான" என்ற சொல்லை நீக்கிவிட்டது.

இதிலிருந்து எமக்குத் தெரியவேண்டியது இதுதான்: இன்று பணம் கொடுத்து வாங்கும் இணைப்பு பெரும்பாலும் பூச்சியம். பெரும்பாலான வேளைகளில் தண்டனை கூட வராது, வெறுமனே எண்ணப்படாது. விற்றவருக்கு இலாபம், வாங்கியவருக்குப் பணம் போனதுதான் மிச்சம்.

எமது தளங்களின் கதை

எமது தமிழ்த் தளங்களின் பிரச்சினை போலி இணைப்பை விட வேறொரு இடத்தில் ஆழமாக இருக்கிறது. நாம் இணைப்பே கொடுப்பதில்லை.

பசறையிலோ லுணுகலையிலோ உள்ள ஒரு பிராந்திய நிருபர் சம்பவ இடத்துக்குப் போய், பொலிஸாரிடம் கேட்டு, படம் எடுத்து ஒரு செய்தியை அனுப்புகிறார். அது ஒரு தளத்தில் வெளியாகிறது. ஒரு மணித்தியாலத்துக்குள் ஐந்து தளங்கள் அதை அப்படியே எடுத்துப் போடுகின்றன. கீழே "நன்றி: இணையம்" என்று இருக்கும். இன்னும் சிலர் "நன்றி: முகநூல்" என்பார்கள். இணையம் என்பது ஒரு ஆளா? "ஒருவர் சொன்னார்" என்று தொடங்கும் அறிவிப்பை எமது பள்ளிவாசல் மிம்பரில் யாராவது கொண்டுவந்தால் நாம் என்ன சொல்வோம்?

இதன் தொழில்நுட்ப விளைவு மிகவும் பாரதூரமானது. ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் இருக்கும்போது கூகுள் அவற்றில் ஒன்றைப் பிரதானமாகத் தெரிவுசெய்து மற்றவற்றை ஒதுக்கிவிடும். எது மூலம் என்பதை அது எப்போதும் சரியாகக் கண்டுபிடிப்பதில்லை. மூலத்துக்கு இணைப்பு இருந்தால் அது ஒரு வலுவான சமிக்ஞை. இணைப்பு இல்லாவிட்டால் ஏற்கனவே செல்வாக்குள்ள பெரிய தளம் வென்றுவிடும், மலையில் ஏறி விசாரித்தவர் காணாமல் போவார். இன்னொரு பக்கம், மற்றவர்களிடமிருந்து எடுத்துப் போடுவதையே வழக்கமாகக் கொண்ட தளம் முழுவதுமே தரம் குறைந்தது என்று மதிப்பிடப்படுகிறது. அதன்பின் அந்தத் தளத்தில் வரும் ஒரிரு சொந்தக் கட்டுரைகளும் அதே சேற்றில் அமிழ்ந்துவிடுகின்றன. "எங்கட சொந்தச் செய்தியும் வருதில்லையே" என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் பல சந்தர்ப்பங்களில் இதுதான்.

இன்னும் சில பழைய நோய்களும் உண்டு. யூனிகோட் பரவுவதற்கு முன் இலங்கையில் தமிழ்த் தளங்கள் பல பாமினி எழுத்துருவில் இயங்கின. பாமினியில் தட்டச்சு செய்த 'அம்மா' எமது கண்ணுக்குத்தான் அம்மா. கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு குவியல். அந்தக் காலத்துச் செய்திகள் எங்கேனும் சேமிக்கப்பட்டிருந்தாலும் தமிழில் தேடினால் கிடைக்கமாட்டா. அதே தவறை இப்போது வேறு வடிவில் செய்கிறோம். ஜனாஸா அறிவித்தல், பள்ளிவாசல் நிர்வாகத்தின் அறிக்கை, ஜம்இய்யாவின் கடிதம் எல்லாவற்றையும் படமாக எடுத்துப் போடுகிறோம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை ஓரளவு வாசிக்கக்கூடிய தொழில்நுட்பம் இருந்தாலும், அதை நம்பித் தேடலில் இடம்பிடிக்க முடியாது. மிச்சத்தைப் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் போடுகிறோம். வட்ஸ்அப் குழுவுக்குள் இருப்பது எந்தத் தேடுபொறிக்கும் தெரியாது. பேஸ்புக் பக்கத்தில் இருப்பதை மூன்று வருடம் கழித்துத் தேடி எடுப்பது, போட்டவருக்கே சிரமம்.

சம்பள விடயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை ஊடாக 1,000 ரூபாவானது. 2024 மே தினத்தையொட்டி 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன, அது நடைமுறைக்கு வரவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் 1,350 ரூபா தீர்மானிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படை 1,550 ரூபாவும் அரசின் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவும் சேர்த்து 1,750 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. இந்த நான்கு தொகைகளையும் சொல்லும் செய்திகள் இணையத்தில் ஏராளம். "1,700 ரூபா கிடைத்தது" என்று அன்று கொண்டாடிப் போட்ட பக்கம், பின்னர் நடந்ததைச் சொல்லாமல் அப்படியே கிடக்கும். அதையே நாற்பது தளங்கள் பிரதி பண்ணியிருக்கும். பழைய பக்கத்தில் மேலே ஒரு வரி சேர்த்து, புதிய செய்திக்கு இணைப்புக் கொடுப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். செய்வார் குறைவு. மடுல்சீமையில் ஒரு பிள்ளை தன் தாய்க்காகத் தொலைபேசியில் தேடிப் பார்க்கும்போது எந்தத் தொகை முதலில் வரும் என்பது இந்தச் சிறு வேலைகளில்தான் தங்கியிருக்கிறது.

மண்சரிவு எச்சரிக்கையும் அப்படித்தான். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தன் எச்சரிக்கைகளைப் பிரதேச செயலகப் பிரிவின் பெயரில் வெளியிடும். மக்கள் தேடுவதோ தோட்டத்தின் பெயரை, டிவிஷனின் பெயரை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத்தில் எழுதி, திகதியும் நேரமும் போட்டு, நிறுவனத்தின் மூல அறிவித்தலுக்கு இணைப்பும் கொடுக்கின்ற உள்ளூர்த் தளம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்தத் தேடலில் முன்னுக்கு வரக்கூடியது. ஏனென்றால் அந்த விடயத்தை வேறு யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். மடுல்சீமை, மடுல்சீம, மடுல்சிமை என்று ஊர்ப் பெயரையே மூன்று விதமாக எழுதுகிறோம் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

டொலருக்கு வாடகைக்குப் போகும் பெயர்

இணைப்பு வாங்குவது பயனற்றது என்றேன். விற்பது அதை விட மோசம்.

ஓரளவு வாசகர் கொண்ட தளங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அடிக்கடி வருகிறது. "உங்கள் தளம் எமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விருந்தினர் கட்டுரை ஒன்று தருகிறோம், அதில் எமது வாடிக்கையாளருக்கு ஒரு இணைப்பு இருக்கும், சில பத்து டொலர் தருகிறோம்" என்பது அதன் சாரம். கட்டுரை பயணம் பற்றியோ தொழில்நுட்பம் பற்றியோ இருக்கும். நடுவில் ஒரு சொல்லில் இணைப்பு இருக்கும். அழுத்திப் பார்த்தால் பெரும்பாலும் சூதாட்டத் தளம். விளம்பர வருமானம் குறைவான தமிழ்த் தளத்துக்கு அந்தத் தொகை கவர்ச்சியானதுதான். கூகுள் தன் விளம்பரச் சேவையைத் தமிழுக்குத் திறந்ததே 2018 பெப்ரவரியில்தான். அதிலும் தமிழ் வாசகருக்குக் கிடைக்கும் விலை சொற்பம். ஆனால் குத்பாவின் சாராம்சத்தையும் ஜனாஸா அறிவித்தலையும் வெளியிடுகின்ற ஒரு தளம், சூதாட்டக்காரருக்காகக் கூகுளிடம் சாட்சி சொல்லிக் கூலி வாங்குவதை எந்த ஆலிமிடம் கேட்டு ஹலாலாக்குவது?

மார்க்கத்தை ஒருபுறம் வைத்தாலும் கணக்கு நஷ்டம்தான். 2024 மார்ச் 5ஆம் திகதி கூகுள் மூன்று விடயங்களைத் தன் விதிமீறல் பட்டியலில் சேர்த்தது. தேடலில் இடம்பிடிப்பதற்காகவே மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வது முதலாவது. காலாவதியான பழைய தளப் பெயர்களை வாங்கி அவற்றின் நற்பெயரில் குப்பை போடுவது இரண்டாவது. நல்ல பெயருள்ள தளம் தன் ஒரு பகுதியை வெளியாருக்கு வாடகைக்கு விடுவது மூன்றாவது. இந்த மூன்றாவது விதியில் போர்ப்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களின் விற்பனைப் பரிந்துரைப் பக்கங்களே அதே வருடக் கடைசியில் சறுக்கின. அவர்களிடம் சட்டத்தரணிகளும் தொழில்நுட்பக் குழுக்களும் இருக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் இரண்டு பேர் நடத்துகின்ற ஒரு சமூகத் தளம் அப்படி விழுந்தால் எழும்புவது கஷ்டம். நேர்மையான விளம்பர இணைப்புக்கு வழி இல்லாமலில்லை. பணம் பெற்றுப் போடும் இணைப்பு என்று குறியிடுவதற்கு 2019இலிருந்து தனியான அடையாளமே இருக்கிறது. அதைப் போட்டால் இணைப்பு வாங்க வந்தவர் ஓடிவிடுவார். அவர் எதை வாங்க வந்தார் என்பது அதிலிருந்தே விளங்கும்.

விற்காமலேயே பறிபோகும் தளங்களும் உண்டு. வோர்ட்பிரஸ் மென்பொருளைப் பல மாதங்களாகப் புதுப்பிக்காமல் விட்டால், யாரோ உள்ளே நுழைந்து சூதாட்டப் பக்கங்களை நூற்றுக்கணக்கில் ஒளித்து வைத்துவிடுவார்கள். முகப்புப் பக்கத்தில் ஒன்றும் தெரியாது. கூகுளுக்கு மட்டும் தெரியும். கூகுளின் 'சேர்ச் கொன்சோல்' என்ற இலவசச் சேவையில் தளத்தைப் பதிந்து வைத்தால் எந்தப் பக்கங்கள் பட்டியலில் இருக்கின்றன, எங்கிருந்து இணைப்புகள் வருகின்றன, ஏதேனும் தண்டனை இருக்கிறதா என்பதையெல்லாம் பார்க்கலாம். எமது தளங்கள் எத்தனை அதைத் திறந்து பார்க்கின்றன?

கூகுளுக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமல்ல. தேடல் சந்தையில் அது சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணியது என்று 2024 ஓகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். 2023 செப்டெம்பர் மாற்றத்தில் எந்தத் தவறும் செய்யாத சிறிய சுயாதீனத் தளங்கள் பல விழுந்தன. 2024 ஒக்டோபரில் அவற்றில் சிலவற்றின் உரிமையாளர்களைத் தன் தலைமையகத்துக்கு அழைத்து அந்த நிறுவனம் பேசியது. இழந்தவர்கள் பலருக்கு இழந்தது திரும்பவில்லை. இப்போது தேடல் பக்கத்தின் தலையிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் வருகிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2025இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தச் சுருக்கம் இருந்த தேடல்களில் 8 வீதத்தில் மட்டுமே மக்கள் கீழுள்ள பெறுபேறு ஒன்றை அழுத்தினார்கள். சுருக்கம் இல்லாதபோது 15 வீதம். எனவே எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் பழைய வாசகர் தொகை திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அப்படியானால் ஏன் இதற்காக மினக்கெட வேண்டும்? வாசகர் எண்ணிக்கைக்காக மட்டும் என்றால் நானும் இதை எழுதியிருக்கமாட்டேன்.

2018 மார்ச்சில் திகனையில் நடந்ததையும், 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிப்பதற்கு வர்த்தமானி வந்ததையும், 2021 பெப்ரவரி இறுதியில் அது மாற்றப்பட்டு மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியதையும், 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்ததையும் அன்றன்றைக்கு ஆவணப்படுத்தியவை பெருமளவில் எமது தமிழ்த் தளங்கள்தான். எந்த ஊரில் யாருடைய கடை எரிந்தது, எந்தக் குடும்பம் கையொப்பமிட மறுத்தது என்ற விபரங்கள் ஆங்கிலப் பத்திரிகைகளில் முழுமையாக இல்லை. இன்று பத்து வயதில் இருக்கும் பிள்ளை பல்கலைக்கழகம் போய் இதைத் தேடும்போது கிடைக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தை எழுதுகின்ற இயந்திரமும் கண்ணுக்குத் தெரிகின்ற பக்கங்களிலிருந்துதான் எடுக்கிறது. எமது பக்கங்கள் அதன் பார்வைக்கு எட்டாவிட்டால், எம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை வைத்து அது எமது கதையைச் சொல்லும்.

ஆகவே இணைப்புக் கட்டுவது என்றால் எமக்கு என்ன? செய்தியை எடுத்தால் முழுவதையும் பிரதி பண்ணாமல், சாரத்தைச் சொந்த வார்த்தையில் எழுதி, எந்தத் தளத்தின் எந்தப் பக்கம் என்று இணைப்போடு சொல்வது. வர்த்தமானி பற்றி எழுதினால் வர்த்தமானிக்கே இணைப்புக் கொடுப்பது. ஒரு பள்ளிவாசலின் வரலாற்றை எழுதினால், அந்த ஊர்ப் பாடசாலையின் தளமும் பழைய மாணவர் சங்கத்தின் தளமும் தாமாகவே அதைச் சுட்டிக்காட்டும். யாருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. மடுல்சீமை நகரில் முஸ்லிம் வியாபாரிகள் எப்போது வந்தார்கள், தோட்ட மக்களோடு எப்படிக் கணக்கு வைத்தார்கள், எந்தக் கடை எத்தனை தலைமுறை என்று யாராவது பெரியவர்களிடம் கேட்டு எழுதினால் அது உலகத்தில் ஒரேயொரு பக்கமாக இருக்கும். கூகுள் எதை மாற்றினாலும் அதற்குப் போட்டி இல்லை. அவ்வாறு எழுதியதை இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தின் 'வேபேக் மெஷின்' சேவையில் ஒரு தடவை சேமித்துவிடலாம். இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களை 2005இலிருந்து சேகரித்து வரும் நூலகம் நிறுவனத்திடம் பழைய மலர்களையும் சஞ்சிகைகளையும் ஒப்படைக்கலாம். அங்கே வைக்கப்பட்டதை ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள், அதுவும் ஒரு இணைப்பே.

கடைசியாக, அவசரமான ஒரு விடயம். 2018இல் மூடப்பட்ட 'த ஹெயர்பின்' என்ற அமெரிக்கப் பெண்கள் தளத்தின் பெயரை ஒருவர் வாங்கி, செயற்கை நுண்ணறிவு எழுதிய குப்பைகளால் நிரப்பி, பழைய பெண் எழுத்தாளர்களின் கட்டுரைகளுக்கு ஆண்களின் பெயர்களைப் போட்டிருந்ததை 2024 ஜனவரியில் வயர்ட் சஞ்சிகை வெளிப்படுத்தியது. எமது ஊர்களிலும் மூன்று நான்கு வருடம் உற்சாகமாக நடந்து நின்றுபோன தளங்கள் எத்தனையோ. அவற்றின் பெயர் ஒரு இளைஞரின் மின்னஞ்சலில், அவருடைய வங்கி அட்டையில் பதிவாகியிருக்கும். அவர் இப்போது கட்டாரில் இருப்பார். அட்டை காலாவதியாகியிருக்கும். புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல், யாரும் திறக்காத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். பள்ளிவாசல் நிர்வாக சபையோ நலன்புரிச் சங்கமோ தளம் ஒன்று வைத்திருந்தால், அந்தப் பெயர் யாருடைய பெயரில் இருக்கிறது, எந்தத் திகதியில் முடிகிறது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதை அடுத்த கூட்டத்திலேயே கேட்டு அறிக்கைப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.